வெறும் கட்டம்

குறை கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.
கமிட்டியில் ஏழு பேர்,
நாலு பேருக்கு யோவேல் தங்கையாவைப் பிடிக்காது.
நாலில் ஒருவன் நான்.

செல்லூர்க் கண்மாய் ததும்பிய ஐப்பசியில்
கல்லறைத் தோட்டத்துச் சுவர், இருநூற்றுப் பத்தடி,
ஒரே ராத்திரியில்
முன்னங்கால் மடித்த மாடு போலச் சாய்ந்தது.
விடிந்ததும் நாங்கள் கூட்டம் போட்டோம்.
அவர் விடியுமுன்பே போயிருக்கிறார்,
மொபெட்டில், டார்ச்சோடு, யாரிடமும் சொல்லாமல்.
சேறு சக்கரத்தை விழுங்கிய இடத்தில் வண்டியைச் சாத்திவிட்டு
நடந்தே அளந்திருக்கிறார்.
நோட்டின் முதல் பக்கம் அந்த அளவுதான்,
மழை பட்டு ஊதா மை கசிந்து.

நெகேமியாவைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்.
இடிந்த எருசலேமை இரவில் சுற்றி வந்தான்,
அவன் ஏறிய மிருகத்துக்கே
கால் வைக்க வழியில்லாமல் போயிற்று.
வழக்கமாக அந்த இடத்தில்தான்
நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

புரட்டினேன்.
செங்கல் எட்டாயிரம். சிமெண்ட் தொண்ணூறு மூட்டை.
கொத்தனார் காஜா மைதீன், சித்தாள் மூன்று பேர்.
கூலி வாங்காதவர்களுக்குத் தனிப் பக்கம்:
தெற்காவணி மூல வீதியின் நகைப் பட்டறைக்காரர் ஒருவர்,
இரண்டு ஞாயிறு, கல் சுமந்தது.
காஜிமார் தெரு அத்தர்க் கடைப் பையன், அரை நாள்,
மணல் சலித்தது.
அந்தப் பழைய மதிலிலும்
ஒரு தட்டான் இருந்தான், ஒரு தைலக்காரன் இருந்தான்.
குனிய மறுத்த கழுத்துகளும் இருந்தன,
தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள்.
அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.
எழுதுவதென்றால்
நாலு பெயர் என்னால் சொல்ல முடியும்.

டீச் செலவுக்குப் போனேன்.
எந்தக் கணக்கும் அங்கேதான் வழுக்கும்.
கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, இரண்டு வேளை, வடையோடு.
தனக்கு இல்லை.
செயலாளர் பெட்ரோல் படி, நாங்களே தீர்மானித்தது,
ஐம்பத்திரண்டு நாளும் வெறும் கட்டம்.
பன்னிரண்டு வருஷம் அதிபதியாய் இருந்தும்
அதிபதியின் படியைத் தொடாதவன் ஒருவன் உண்டு,
ஜனங்களின் முதுகில் ஏற்கெனவே பாரம் என்று.
முப்பது வருஷம் வங்கியில் கழித்தவன் நான்.
வெறும் கட்டத்தில் எப்படி டிக் அடிப்பது?

கடைசியில் மாட்டியது.
முப்பத்தேழாம் நாள்: சட்டை ஒன்று, ரூ. 340.
நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
“லாரிக்காரன் நாலு மூட்டையைத் திரும்ப ஏத்தப் பாத்தான்,
காலரைப் பிடிச்சிட்டேன், கிழிஞ்சு போச்சு.
என் காசுலதான் வாங்கிக் குடுத்தேன். எதிர்ப் பக்கம் பாருங்க,
வரவு வச்சிருக்கேன்.”
“பிறகு எதற்கு எழுதினீர்கள்?”
“நடந்துச்சுல்ல.”

நெகேமியாவும் ஒரு நாள்
ஆட்களின் மயிரைப் பிடித்துப் பிய்த்தான்.
எந்தப் பிரசங்கியாரும்
இதை எனக்குச் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
சலவைக்கல் பதிக்கலாம் என்று ஒருவர் எழுந்தார்.
கல் என்ன விலை என்று கேட்டுவிட்டு
அவர் சாவிக்கொத்தைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்த ஐப்பசி.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
குடையோடு போனேன். வீட்டில் சொல்லவில்லை.
சுவர் நின்றுகொண்டிருந்தது.
அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகளில் ஒன்றை
பால் பாக்கெட் அடைத்திருந்தது.
சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை.
குனிந்து பிடுங்கினேன்.
கழுத்து
கொஞ்சம் வலித்தது.